புளூபேர்ட் கூட்டுப்பெட்டிகளைக் கண்காணிப்பது எப்படி

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், புளூபேர்ட் என்ற சிறிய நீலப் பறவை கூடு கட்டுவதற்காக வைக்கும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள முன்வரும் தன்னார்வலருக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலை உண்டு. வாரம் ஒருமுறை போனால் போதும், ஆனால் ஒரு வாரமும் விடக்கூடாது. ஸ்க்ரூடிரைவர், கையுறை, முகக்கவசம், காய்ந்த புல், சோப்புக்கட்டி, நோட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

தாய்ப்பறவை காலையில்தான் முட்டையிடும் என்பதால் பிற்பகலில் போவது நல்லது. மழையிலும் குளிரிலும் பெட்டியைத் திறக்க வேண்டாம். முதலில் பக்கப் பலகையில் மெல்லத் தட்டி, சற்று விலகி நின்று, பறவை வெளியேற வழி விடுங்கள். அது அசையாமல் அடைகாத்தால் மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

மெல்லிய புல்லால் அல்லது பைன் ஊசியிலையால் ஆன நேர்த்தியான கிண்ணம், அதில் வெளிர்நீல முட்டைகள் என்றால் அது புளூபேர்ட். வெள்ளை முட்டைகளும் இறகுகளும் இருந்தால் மரத் தகைவிலான் (tree swallow). சுள்ளிக் குவியல் ரென் குருவியுடையது. அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்த மூன்று உள்நாட்டுப் பறவைகளின் முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைக்கக்கூடாது. தகைவிலான் வந்துவிட்டால் 15 அடிக்குள் இன்னொரு பெட்டி வைத்தால் இரண்டுக்கும் இடமிருக்கும். நாம் அருமையாகக் கருதும் சிட்டுக்குருவி அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்தேறியது. பெட்டிக்குள்ளேயே புளூபேர்டைக் கொத்திக் கொன்றுவிடும். குப்பையும் இறகும் கலந்த கூடும் பழுப்புப் புள்ளி முட்டைகளும் அதன் அடையாளம். அதன் கூட்டை எடுத்துவிடலாம், சட்டம் தடுக்காது. திரும்பத் திரும்பக் கட்டினால் பெட்டியை வீடுகளிலிருந்து தள்ளித் திறந்தவெளிக்கு மாற்றுங்கள்.

இந்த வேலையின் உயிர்நாடி நாள் கணக்கு. நாளுக்கு ஒன்றாக நான்கைந்து முட்டையிட்டு, கடைசி முட்டைக்குப் பிறகே அடைகாக்கத் தொடங்கும். 12 முதல் 14 நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்த தேதியைத் தவறாமல் குறித்துவையுங்கள். பொரித்து 12 நாள் ஆன பின் திறக்கவே கூடாது, ஏனெனில் பறக்கத் தெரியாத குஞ்சுகள் மிரண்டு வெளியே குதித்துவிடும். இயல்பாக அவை வெளியேற 17 முதல் 19 நாள் ஆகும். தேதி தெரியாத கூட்டில் இறக்கையில் நீலம் கண்டால் உடனே மூடிவிடுங்கள். தப்பித்தவறி ஒன்று குதித்தால் உள்ளே விட்டு, அது அடங்கும்வரை சில நிமிடம் துளையைக் கையால் பொத்தியிருங்கள்.

கூடு கலையாமல் முட்டைகள் மட்டும் காணாமல் போனால் பெரும்பாலும் பாம்பின் வேலை. கூட்டைத் துளைவழியே இழுத்துப்போட்டிருந்தால் ரக்கூன் அல்லது பூனை. மரத்திலும் வேலிக்கம்பத்திலும் மாட்டிய பெட்டிகளில்தான் இது அதிகம். வழுவழுப்பான இரும்புக் கம்பத்துக்கு மாற்றி, பெட்டிக்குக் கீழே 8 அங்குல அகலமும் 2 அடி நீளமும் உள்ள தகரக் குழாயைத் தடுப்பாக மாட்டுங்கள். கூடு நனைந்திருந்தாலோ, அடியில் ரத்தம் உறிஞ்சும் ஈப்புழுக்கள் நெளிந்தாலோ, குஞ்சுகளைக் கையணைப்பில் வைத்துக்கொண்டு காய்ந்த புல்லால் அதே அளவில் குழித்து மாற்றிவையுங்கள். குளவி கட்டாமலிருக்கக் கூரையின் உட்புறத்தில் சோப்பைத் தேயுங்கள்.

குஞ்சுகள் பறந்ததும் முகக்கவசம் போட்டுப் பழைய கூட்டை எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெட்டியடியில் வீசினால் அந்த வாடை வேட்டை விலங்குகளை அழைத்துவரும். அதே ஜோடி அடுத்த ஈடு முட்டைக்கு அங்கேயே திரும்பக்கூடும் என்பதால் பெட்டியைச் சுத்தமாக வைத்திருங்கள்.