டேப்லெட்டுக்கு உறை செய்யும்போது மூலையிலிருந்து தொடங்குங்கள்

கைநழுவிய டேப்லெட் பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில்தான் முதலில் இடிபடும். முழு எடையும் நகத்தளவு இடத்தில் இறங்க, கண்ணாடி அங்கிருந்தே விரிசல் விடும். ஆனால் கடையில் தொங்கும் மலிவு உறைகளைப் பாருங்கள்: முதுகு மெத்தென்று இருக்கும், மூலையில் ஒன்றரை மில்லிமீட்டர் சிலிக்கோனுக்கு மேல் இருக்காது. வீட்டில் செய்யும் உறையில் இதைத் தலைகீழாக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் தூக்கிப்போகும் டேப்லெட்டுக்கும், கோயிலில் தேவாரம் பார்த்துப் பாட வைத்திருக்கும் டேப்லெட்டுக்கும் ஏற்ற மாதிரி ஒன்றை இங்கே அளவுகளோடு சொல்கிறோம். டர்பனில் சுலபமாகக் கிடைக்கும் பொருள்களே போதும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் விநாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அந்த வேகம் 1 மி.மீ. தூரத்துக்குள் அடங்கினால் டேப்லெட் தாங்க வேண்டிய அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கு. 6 மி.மீ. தூரத்தில் அடங்கினால் சுமார் 170 மடங்கு. இது சராசரிதான், உச்சம் இன்னும் அதிகம். ஃபோம் முழுவதுமாக நசுங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிக்குச் சற்று மேலே போனதும் இறுகிக் கல்லாகிவிடும். ஆகவே 10 மி.மீ. ஃபோமில் நமக்கு உதவுவது ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அதற்குக் குறைந்த ஃபோமை மூலையில் வைப்பது மனத்திருப்திக்கு மட்டும்.

பொருள்கள்

கீழே வரும் அளவுகள் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ்ஸுக்கு: 257.1 × 168.7 × 6.9 மி.மீ., எடை 480 கிராம். உங்களுடையது வேறு என்றால் அதன் அளவை வைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். பத்தாம் தலைமுறை ஐபேட் 248.6 × 179.5 × 7 மி.மீ.; நீளம் குறைவு, அகலம் அதிகம், ஆகவே ஒன்றுக்கு வெட்டியது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

டேப்லெட்டைச் சுற்றி நிற்கும் சட்டத்துக்கு 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் வேண்டும். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் பல் வைத்த பாய்கள் இந்தப் பொருள்தான். கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனால் சரி. யோகா பாய் அடிவரை நசுங்கும், செருப்பு அடிப்பாகம் நசுங்கவே நசுங்காது, இரண்டும் வேண்டாம்.

உள்மெத்தைக்கும், திரையின் ஓரத்தைப் பிடிக்கும் மேல்விளிம்புக்கும் பழைய வெட்சூட், அதாவது அலைச்சறுக்குபவர்கள் போடும் ரப்பர் உடை. அலைச்சறுக்கு ஊரான டர்பனில் கிழிந்த வெட்சூட்டுக்குப் பஞ்சமில்லை. '3/2' என்று குறித்ததைத் தேடுங்கள்: உடல் பகுதி 3 மி.மீ., கைகால் பகுதி 2 மி.மீ. இரண்டு கனமும் ஒரே உடையில் கிடைத்துவிடும். மடித்துப் பாருங்கள், மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் அதன் நுரை ரப்பரான நியோப்ரீன் செத்துவிட்டது. முழங்கால், பிட்டப் பகுதிகள் நசுங்கிப்போயிருக்கும். முதுகிலிருந்தும் தொடையிலிருந்தும் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, இரண்டு முறை அலசி, நிழலில் காயவையுங்கள். உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், இந்த ஊரில் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை.

முதுகுத் தகட்டுக்கு 2 மி.மீ. பாலிபுரோப்பிலின். காய் நறுக்கும் வளையும் பலகைகளில் கனமானது போதும். 270 × 182 மி.மீ. துண்டு சுமார் 90 கிராம் இருக்கும். தேர்தல் நேரத்தில் விளக்குக் கம்பங்களில் தொங்கும் நெளிவுப் பிளாஸ்டிக் அட்டையும் இதே இனம்தான், ஆனால் குழல் ஓடும் திசையில் மட்டும் விறைப்பு, மற்ற திசையில் மடங்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வைத்தால் கனம் ஏறிவிடும். அதை ஒத்திகை மாதிரி செய்யப் பயன்படுத்தலாம், அதுவும் கட்சிக்காரர்களிடம் கேட்டு வாங்கியதாக இருக்கட்டும். பெர்ஸ்பெக்ஸ் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடைந்தால் கூர்ச்சில்லாகும். மேசோனைட் என்னும் மரநார் அட்டை ஈரத்தில் ஓரம் உப்பும்.

வெளித்துணிக்குப் பள்ளிப் பை தைக்கும் பாலியெஸ்டர் அரை மீட்டர், உள்துணிக்கு மெல்லிய நைலான், கான்டாக்ட் பசை, பாலியெஸ்டர் நூல், ஓரம் கட்ட 20 மி.மீ. நாடா இரண்டரை மீட்டர். பருத்தி நூல் வேண்டாம், கடலோர ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும்.

சட்டம்

ஈ.வி.ஏ.-வை 278 × 190 மி.மீ. அளவில் வெட்டி, நடுவே 258 × 170 ஜன்னல் எடுங்கள். சுற்றிலும் 10 மி.மீ. சுவர் நிற்கும், டேப்லெட்டுக்குப் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். கத்தியில் புது அலகு போட்டு, செங்குத்தாகப் பிடித்து, மூன்று தடவையாக இழுத்து வெட்டுங்கள். மழுங்கிய அலகால் ஒரே இழுப்பில் வெட்டினால் மேலே நேராகவும் அடியில் சாய்வாகவும் வரும், சுவர் ஒரு பக்கம் 8 மி.மீ. ஆகிவிடும்.

இனி மூலை. ஜன்னலின் உள்மூலைகளைச் சதுரமாகவே விடுங்கள். டேப்லெட்டின் மூலை வளைவானது என்பதால் நமக்கும் அதே வளைவில் வெட்டக் கை துறுதுறுக்கும்; வெட்டினால் காரியம் கெட்டது. சதுர மூலைக்குள் 10 மி.மீ. ஆரமுள்ள வளைவு உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே 4 மி.மீ. வெற்றிடம் தானாக வரும். மூலை இடிபடும்போது அதிர்ச்சி டேப்லெட்டின் முனையில் நேராக ஏறாமல் இரண்டு பக்கச் சுவர்களிலும் பிரிந்து போகும். வெளிமூலையையும் அழகுக்காக அதிகம் உருட்டாதீர்கள், 5 மி.மீ. ஆரம் போதும். மூலைவிட்டத்தில் 12 மி.மீ. ஃபோம், அதற்குள்ளே 4 மி.மீ. காற்று. உறை கொஞ்சம் பெட்டி மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும்.

பொத்தான், சார்ஜர் துளை, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு இடம் விடும்போது சுவரை அடிவரை அறுக்காதீர்கள். டேப்லெட்டுக்குக் கீழே 3 மி.மீ. நியோப்ரீன் வரப்போகிறது, ஆகவே சுவரின் அடி 3 மி.மீ. எல்லா இடத்திலும் முழுதாக நிற்கலாம். மேல் 7 மி.மீ. மட்டும் வெட்டினால் போதும். சார்ஜர் துளைக்கு 16 மி.மீ. அகலம் கொடுங்கள், தடித்த பிளக்கும் நுழையும். மின்பொத்தானுக்குப் பக்கவாட்டில் இரண்டிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். ஃபோம் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தால் டேப்லெட் தானாக அணைந்து அணைந்து எழும், பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

முதுகு

வெளித்துணியையும் உள்துணியையும் 298 × 210 அளவில் வெட்டி, தகட்டை இரண்டுக்கும் நடுவே வைத்து, தகட்டைச் சுற்றி 2 மி.மீ. தள்ளித் தையல் ஓட்டுங்கள். பசை போட்டு ஒட்ட நினைக்காதீர்கள். பாலிபுரோப்பிலினில் கான்டாக்ட் பசை பிடிக்காது, இரண்டு நாளில் உரிந்து உள்ளே அலையும். தகடு சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. உள்ளடங்கி இருப்பது வேண்டுமென்றே செய்தது. விறைப்பான தகடு வெளிவிளிம்புவரை வந்தால், விழும்போது ஃபோமுக்கு முன்னால் அதுதான் தரையில் மோதும். ஃபோம் இருந்தும் இல்லாததுபோல் ஆகும்.

சட்டத்தை உள்துணியின் மேல் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவு உலரவிட்டு (பத்து நிமிடம், மழைநாளில் இருபது) பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஈரத்தோடு சேர்த்தால் நடுவில் காயாமலே கிடக்கும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து விலகிச் செய்யுங்கள்.

சட்டத்துக்குள்ளே 3 மி.மீ. நியோப்ரீனை முழுப் பாயாக விரிக்கக் கூடாது. டேப்லெட் தன் சூட்டை முதுகு வழியாகத்தான் வெளியேற்றுகிறது, நியோப்ரீனோ உடம்புச் சூட்டை அடைத்து வைப்பதற்கென்றே செய்தது. ஓரங்களில் 25 மி.மீ. பட்டைகளும் நடுவே குறுக்காக ஒரு பட்டையும் ஒட்டுங்கள், மீதி வெறுமையாக இருக்கட்டும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் எல்லோரும் ஒரே மூச்சில் சார்ஜ் போட்டபடியே படம் பார்ப்பார்கள்; பேட்டரி வெந்து உப்புவது இப்படித்தான் தொடங்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தே வையுங்கள். ஐபேடை 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பயன்படுத்த வேண்டாம் என்றும், 45 டிகிரிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஜனவரி வெயிலில் பூட்டிய காருக்குள் அதைத் தாண்டிவிடும். எந்த உறையும் அதற்கு மருந்தில்லை.

மேல்விளிம்பு

2 மி.மீ. நியோப்ரீனை 318 × 230 அளவில் வெட்டி, நடுவே 249 × 161 ஜன்னல் எடுங்கள். இது திரையின் கறுப்பு ஓரத்தை நான்கு மில்லிமீட்டர் மட்டும் மூடும். உங்கள் டேப்லெட்டின் கறுப்பு ஓரம் எவ்வளவு என்று அளந்து, அதைவிட 1 மி.மீ. குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தொடுபரப்பில் நியோப்ரீன் பட்டால் திரை தன்பாட்டில் எதையாவது திறக்கும். ஜன்னல் மூலைகளை இங்கே மட்டும் வளைவாக வெட்டுங்கள். சதுரமாக வெட்டினால் டேப்லெட்டை நுழைக்க இழுக்கும்போது அங்கிருந்து கிழியும்.

வெளிமூலைகளில் ஒரு ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பு ஒட்டினால் நியோப்ரீன் சட்டத்தின் மேல் தொப்பிபோல் உட்காரும். பொத்தானுக்கும் துளைக்கும் சட்டத்தில் வெட்டிய இடங்களை இதிலும் வெட்டுங்கள். பிறகு 10 மி.மீ. கீழிறங்கி, முதுகுத் துணியின் ஓரத்தோடு சேர்த்துத் தையுங்கள். பசையை மட்டும் நம்பாதீர்கள், டேப்லெட்டை நாலைந்து தடவை கழற்றிப் போட்டாலே உரியும்.

தையலுக்கு நீட்சித்துணி ஊசி, எண் 90/14. நேர்த்தையல் இழுபடும்போது அறும். வளைதையல் (ஜிக்ஜாக்) போடுங்கள், அகலம் 3, நீளம் 3. நியோப்ரீன் எந்திரப் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் மேலும் கீழும் டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். நூல் இழுவிசையைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் நியோப்ரீனைக் கம்பியால் அறுத்ததுபோல் நூல் உள்ளே புதையும். டர்பன் ஆயத்த ஆடை ஆலைகளில் எந்திரம் ஓட்டிய அத்தையோ ஆயாவோ உங்கள் குடும்பத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு தையலை அவர்களிடம் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மூடி

மூடியை ஒரு நீளப் பக்கத்தில், மேல்விளிம்பையும் முதுகையும் தைக்கும்போதே இடையில் செருகுங்கள். 1 மி.மீ. பிளாஸ்டிக்கில் மூன்று பலகைகள், ஒவ்வொன்றும் 270 × 60 மி.மீ., இரண்டு துணிகளுக்கு நடுவே. பலகைகளுக்கு இடையே 4 மி.மீ. விடுங்கள். குறைத்தால் முக்கோணமாக மடித்துத் தாங்கியாக வைக்கும்போது மடிப்பில் துணி இழுபட்டு நைந்துவிடும். கீல் பக்கத்தில் 15 மி.மீ. வெறும் துணியாக இருக்க வேண்டும், சட்டத்தின் உயரத்தை ஏறிக் கடக்க அது தேவை.

மூடியதும் திரை அணைய வேண்டும் என்றால் 8 மி.மீ. விட்டமுள்ள சிறு காந்தம் ஒன்று போதும். இடத்தை ஊகிக்காதீர்கள். திரையை எரியவிட்டு, காந்தத்தைக் கறுப்பு ஓரத்தில் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே திரை அணைகிறதோ அதற்கு நேரே மூடியில் தையுங்கள். சில டேப்லெட்டுகளில் காந்தத்தை அறியும் உணரியே இருக்காது, அப்போது காந்தம் வீண். பேனாவால் எழுதும் சாம்சங் வகைகளில் திரைப்பரப்புக்கு மேல் காந்தம் வந்தால் அந்த இடத்தில் கோடு நெளியும். வீட்டில் இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் மடியிலும் மார்பிலும் சாய்த்துப் படிப்பவராக இருந்தால் காந்தமே வேண்டாம், எலாஸ்டிக் பட்டை போடுங்கள். வெல்க்ரோவின் முள்பக்கம் நியோப்ரீனின் நைலான் மேல்பரப்பைச் சுரண்டிப் பஞ்சாக்கும், இரும்புப் பொத்தான் கடல்காற்றில் துருவேறும்.

விழவைத்துப் பார்த்தல்

டேப்லெட்டை வைத்துச் சோதிக்கக் கூடாது. 6 மி.மீ. பிளைவுட்டில் அதே நீள அகலத்தில் ஒரு டம்மி வெட்டி, மூலைகளையும் அதேபோல் உருட்டி, நடுவில் துளையிட்டு மீன்பிடி ஈயக்குண்டுகளைத் தட்டித் தட்டையாக்கிப் பொருத்துங்கள், தராசு 480 கிராம் காட்டும்வரை. கனத்தை 7 மி.மீ. ஆக்க ஒரு அட்டை ஒட்டிக்கொள்ளலாம். ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 முறையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள்: 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. டம்மியின் நான்கு மூலைகளிலும் சாக்பீஸ் பொடியை அழுத்தித் தேய்த்து, உறைக்குள் போட்டு, ஒரு மீட்டரிலிருந்து ஒவ்வொரு மூலையும் ஓடுபதித்த தரையில் படும்படி விடுங்கள். பிறகு டம்மியை வெளியே எடுத்துவிட்டு, உறையின் உட்பக்கத்தைப் பாருங்கள். பக்கச் சுவர்களில் மட்டும் வெள்ளை இருந்தால் மூலை சரியாக வேலை செய்கிறது. சதுர உள்மூலையின் ஆழத்தில் வெள்ளை ஒட்டியிருந்தால் வெற்றிடம் முழுதும் தீர்ந்து முனை ஃபோமில் இடித்திருக்கிறது: ஃபோம் மென்மை கூடியது, அல்லது ஜன்னல் தளர்வு. சுவரின் உட்புறம் 1 மி.மீ. நியோப்ரீன் ஒட்டினால் தளர்வு சரியாகும். மென்மை என்றால் வேறு பாய் தேட வேண்டியதுதான். டம்மி மேல்விளிம்பைத் தாண்டி வெளியே துள்ளினால் ஜன்னலைப் பெரிதாக வெட்டிவிட்டீர்கள், மேல்விளிம்பை மட்டும் புதிதாகச் செய்தால் போதும்.

கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்தால் டேப்லெட்டைக் கழற்றி உறையை உதறுங்கள். உள்ளே சிக்கிய மணல் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, தொங்கவிடாமல் படுக்கையாக, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, உள்மெத்தையை விரலால் அழுத்தி ஈரமில்லை என்று தெரிந்த பிறகே டேப்லெட்டைத் திரும்ப நுழையுங்கள்.