ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் பழைய கேம்கள்: எமுலேட்டர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஸ்டிக் படம் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆனாலும் சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் காலத்துக் கேம்களை அதில் அருமையாக ஆடலாம். ஆட முடியாமல் போனால், பெரும்பாலும் கோளாறு எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, எது எங்கே உதைக்கிறது என்று தெரியாமல் தடுமாறுவதுதான் காரணம். ஒரே ஒரு கேமைப் போடுங்கள். அது ஓடுகிறதா, கன்ட்ரோலர் பேச்சைக் கேட்கிறதா, இன்று சேவ் செய்தது நாளைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு போதும்.

சாதனத்தைப் பார்க்காமல் இறங்குவது முதல் தவறு. ஆண்ட்ராய்டு அடிப்படையிலான ஸ்டிக், பாக்ஸ் என்றால் வழி சுலபம். ஆப்பிள் டிவியில் பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க் 2024 மே மாதத்திலிருந்து ஆப் ஸ்டோரிலேயே கிடைக்கிறது. ஆனால் 2025இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டு அல்லாத வேகா ஓஎஸ்ஸில் ஓடுகிறது. பெயரில் ஃபயர் டிவி இருந்தாலும் ஆண்ட்ராய்டு ஆப்களை அதில் வெளியிலிருந்து ஏற்ற முடியாது. ஆயிரக்கணக்கான கேம்கள் ஏற்கெனவே ஏற்றப்பட்டதாகச் சொல்லி விற்கும் பெயர் தெரியாத பாக்ஸ்களை வாங்கவே வாங்காதீர்கள். அந்தக் கேம்களுக்கு உரிமம் இருக்காது. அதைவிட, சான்று பெறாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் தயாரிப்பின்போதே புகுத்தப்படும் பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்திருக்கிறது. அப்படியொன்றை வீட்டு வைஃபைக்குள் விடக்கூடாது.

அடுத்தது 32 பிட், 64 பிட் குழப்பம். பல ஸ்டிக்குகளில் சிப் 64 பிட்டாக இருக்கும். உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டோ 32 பிட். சிப்பை நம்பி 64 பிட் ரெட்ரோஆர்க்கை இறக்கினால் அது இன்ஸ்டால் ஆகாது. 32 பிட் பதிப்பைப் போட்டால் வேலை முடிந்தது. கேம்கியூப் எமுலேட்டரான டால்பின் போல 64 பிட்டில் மட்டுமே வரும் எமுலேட்டர்களை இத்தகைய ஸ்டிக்கில் மறந்துவிடுங்கள். கேம்கியூப், பிளேஸ்டேஷன் 2 எல்லாம் எப்படியும் ஸ்டிக்கின் சக்திக்கு மீறியவை.

ஃபைல்களில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் பாடாய்ப் படுத்துபவை. பிளேஸ்டேஷன் கேம் பெரும்பாலும் ஒரு க்யூ (.cue) ஃபைலும் ஒன்றோ பலவோ பின் (.bin) ஃபைல்களுமாக இருக்கும். க்யூ ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள்: முதல் வரியிலேயே பின் ஃபைலின் பெயர் மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கும். பின் ஃபைலின் பெயரை அழகாக இருக்கட்டும் என்று மாற்றினால் க்யூவுக்கு அது தெரியாது, கேம் திறக்காது. க்யூவை விட்டுவிட்டு முதல் பின்னை மட்டும் திறந்தால் சில கேம்கள் ஓடும், இசை மட்டும் வராது. ஏனென்றால் பாட்டு மற்ற டிராக்குகளில் இருக்கிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சிஎச்டி (.chd) என்ற சுருக்கிய ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட்டால் ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஃபைல், இடமும் மிச்சம். ஆர்கேட் கேம்களின் ஜிப்பை மட்டும் பிரிக்கவும் கூடாது, பெயர் மாற்றவும் கூடாது. எமுலேட்டர் அந்தப் பெயரை வைத்துத்தான் கேமை அடையாளம் காண்கிறது. பயாஸ் ஃபைல் (கன்சோலைத் துவக்கும் நிரல்) சிஸ்டம் ஃபோல்டரில், எமுலேட்டர் எதிர்பார்க்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். கேமும் பயாஸும் உங்களிடம் உள்ள சொந்த கார்ட்ரிட்ஜ், டிஸ்க், கன்சோலிலிருந்து எடுத்தவையாக இருப்பதே முறை.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம்: சேவ். கேமுக்குள்ளேயே சேவ் செய்தால் அது உடனே ஸ்டிக்கின் மெமரியில் எழுதப்பட்டுவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ரெட்ரோஆர்க் அதைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, ஆட்டோசேவ் ஆஃபில் இருந்தால் கேமை முறையாக மூடும்போதுதான் ஃபைலாக எழுதும். ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தி வெளியே வந்து ஒரு படத்தைப் போட்டால், ராம் போதாத ஸ்டிக் பின்னணியில் இருக்கும் எமுலேட்டரைக் கொன்றுவிடும். மூன்று மணி நேர ஆட்டம் போயே போச்சு. சேவிங் செட்டிங்ஸில் சேவ்ராம் ஆட்டோசேவ் இடைவெளி என்று ஒன்று இருக்கிறது; அது ஆஃபில் இருந்தால் 10 விநாடி என்று வையுங்கள். மெனுவைத் திறக்க கன்ட்ரோலரில் ஒரு பட்டன் சேர்க்கையையும் முதல் நாளே அமைத்துவிடுங்கள். வெளியேற முறையான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஹோம் பட்டனைத் தேட மாட்டீர்கள்.

சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது அந்த நொடியில் எமுலேட்டரின் நினைவகம் இருந்த நிலையின் நகல். கோர் (ரெட்ரோஆர்க்குக்குள் ஓடும் தனித்தனி எமுலேட்டர்) அப்டேட் ஆனால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம், வேறு கோரில் திறக்கவே திறக்காது. கேமின் சொந்த சேவ் பெரும்பாலும் இந்த மாற்றங்களைத் தாங்கும். இன்னொன்று: 8 ஜிபி ஸ்டிக்கில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்போது கை தானாக ‘கிளியர் டேட்டா’வுக்குப் போகும். சேவ் ஃபைல்கள் ஆப்பின் சொந்த ஃபோல்டரில் இருந்தால் அவையும் அதோடு அழியும். பொதுவான ஃபோல்டருக்கோ பென்டிரைவுக்கோ சேவ் இடத்தை மாற்றி வைப்பது ஐந்து நிமிட வேலை.

பட்டனை அழுத்தி, சற்றுக் கழித்துத்தான் வீரன் குதிக்கிறான் என்றால் எமுலேட்டரைத் திட்டுவதற்கு முன் டிவியின் கேம் மோடைப் போடுங்கள். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி விநாடி. படத்தை மெருகேற்றும் டிவியின் வேலைகள் சேர்ந்தால் பல ஃபிரேம்கள் தாமதமாகும். கன்ட்ரோலர் புளூடூத் என்றால் ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள், புளூடூத்தும் 2.4 வைஃபையும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். தாமதத்தைக் குறைக்கும் ரன் அஹெட் வசதி கடைசியாகத்தான். அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமைக் கூடுதலாக ஓட்டுவதால் ப்ராசசருக்குச் சுமை. எட்டு பிட் கேம்களுக்குச் சரிப்படும், பிளேஸ்டேஷனுக்கு ஸ்டிக் மூச்சு வாங்கும்.

ஸ்டிக்கின் வெளியீடு 50 ஹெர்ட்ஸில் இருந்தால் 60 ஹெர்ட்ஸ் கேம்கள் விட்டுவிட்டு நகரும், சத்தமும் கரகரக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60க்கு மாற்றுங்கள். 4கே வெளியீட்டை 1080க்குக் குறைத்தாலும் கிராஃபிக்ஸ் சிப் இளைப்பாறும். படத்தை அகலத்திரைக்கு இழுக்காமல் 4:3இலேயே விடுங்கள். பழைய டிவியின் கோடுகள் வேண்டுமென்றால் இசட்ஃபாஸ்ட் மாதிரி இலகுவான ஷேடர் (படத்தின் தோற்றத்தை மாற்றும் வடிகட்டி) போதும். சிஆர்டி ராயல் ரகத்தைப் போட்டால் கேமே தவழும். ஸ்டிக் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து கழற்றி, அதனுடன் வந்த அடாப்டரில் மாட்டிப் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவதாக உறுதி சொல்வது 500 மில்லி ஆம்பியர்தான். படம் பார்க்க அது சமாளித்துவிடும், எமுலேட்டர் முழுவேகத்தில் ஓடும்போது பல ஸ்டிக்குகளுக்குப் போதாது.