நடந்ததா, நடந்ததாகச் சொல்கிறார்களா? பிரெஞ்சின் இறந்தகால நிபந்தனை வடிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் வருகிறார்கள், புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்தவர்களும் வருகிறார்கள். கோந்திசியோனெல் பாஸே எனப்படும் இறந்தகால நிபந்தனை வடிவத்தை எட்டியதும், கற்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் ஏறத்தாழ அதே வரிசையில் செய்கிறார்கள். பிரெஞ்சுச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலுக்கு வினைத்திரிபு நூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அமைப்பு எளிது. அவ்வார் அல்லது எத்ர் என்ற துணைவினையை நிகழ்கால நிபந்தனை வடிவில் வைத்து, அதன் பின்னால் முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால் போதும். ‘ஜோரே ஃபே’ என்றால் செய்திருப்பேன். ‘ஜெ ஸெரே வெனூ’ என்றால் வந்திருப்பேன். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பது ‘ஸி ஜவே ஸ்யூ, ஜெ ஸெரே வெனூ’ ஆகும். ‘ஆல்’ என்ற நிபந்தனைப் பொருள் தரும் ‘ஸி’ தொடங்கும் பகுதியில் ஓரே, ஸெரே என்ற நிபந்தனைத் துணைவினைகள் வரக்கூடாது என்பதைப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே பள்ளியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இருந்தால்’ என்றும் ‘இருப்பேன்’ என்றும் இரு பக்கத்தையும் இரு வடிவில் பேசிப் பழகிய நமக்கு அது பெரிய சிக்கலாக இருக்கத் தேவையில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

துணைவினையைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது

போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற வினைகளுக்கு எத்ர் வரும் என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரியும். ஸோர்த்தீர் (வெளியேறுதல்), மோந்தே (ஏறுதல்), தெஸாந்த்ர் (இறங்குதல்), பாஸே (கடந்துசெல்லுதல்) போன்றவை செயப்படுபொருளை நேரடியாக ஏற்றால் அவ்வாருக்கு மாறும் என்பதுதான் மறந்துபோகிறது. வெளியே போயிருப்பேன் என்பதற்கு ‘ஜெ ஸெரே ஸோர்த்தி’. குப்பைத்தொட்டியை வெளியே வைத்திருப்பேன் என்பதற்கு ‘ஜோரே ஸோர்த்தி லா பூபெல்’.

ஜோரேயும் ஜோரேயும்

எதிர்காலத்துக்குரிய ‘செய்து முடித்திருப்பேன்’ என்ற வடிவும் நிபந்தனைக்குரிய ‘செய்திருப்பேன்’ என்ற வடிவும் தன்மை ஒருமையில் ஒரே ஓர் எஸ் எழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் பலரின் பேச்சில் அந்த வேறுபாடு காதிலும் விழுவதில்லை. ஐயம் வந்தால் வாக்கியத்தை ‘நாங்கள்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘நூஸோரோன்’ என்று வந்தால் எதிர்காலம், எஸ் வேண்டாம். ‘நூஸோரியோன்’ என்று வந்தால் நிபந்தனை, எஸ் வேண்டும்.

‘செய்திருக்க வேண்டும்’ என்பதை அப்படியே அடுக்குவது

தமிழில் இறந்தகாலச் சாயல் ‘செய்திருக்க’ என்பதில் உட்கார்ந்திருக்கிறது, ‘வேண்டும்’ அசைவதில்லை. அதை அதே வரிசையில் பிரெஞ்சில் வைத்தால் ‘ஜெ தெவ்ரே அவ்வார் ஃபே’ என்று வரும். இலக்கணம் அதைத் தடுக்காவிட்டாலும், செய்யாமல் விட்டதற்கு வருந்துபவர் சொல்லும் வாக்கியம் அது அன்று. பிரெஞ்சு, வேண்டும் என்ற வினையையே இறந்தகாலத்துக்குத் தள்ளிவிட்டு முதன்மை வினையை வெறும் மூல வடிவில் விடுகிறது: ‘ஜோரே த்யூ ஃபேர்’. முடிந்திருக்கும் என்பதற்கு ‘ஜோரே ப்யூ ஃபேர்’ என்பதும் இதே வழியில் அமைகிறது.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. ‘அவர் போயிருக்க வேண்டும்’ என்று நாம் சொன்னால், போயிருப்பார் என்ற ஊகமாகவும் கொள்ளலாம், போகாமல் இருந்துவிட்டாரே என்ற குறையாகவும் கொள்ளலாம். ஊகத்துக்கு ‘இலா த்யூ பார்த்தீர்’, குறைக்கு ‘இலோரே த்யூ பார்த்தீர்’. வேலையிடத்தில் இரண்டையும் மாற்றிச் சொன்னால், சக ஊழியர் போய்விட்டார் போலும் என்று சொல்ல நினைத்தவர் அவர்மீது புகார் சொன்னவராகிவிடுவார்.

சொல்லப்பட்டதை நடந்ததாக எடுத்துக்கொள்வது

எத்தனை ஆண்டுகள் கற்பித்தாலும் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான். பாடநூல்களில் பலவும் இதற்குப் பாடத்தின் கடைசியில் ஒரு வரியை மட்டும் ஒதுக்குகின்றன. மாணவர் அந்த வரிக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஆனால் இந்நாட்டில் வாழ்பவர் கையில் வந்து சேரும் கடிதங்களிலும் அன்றாடம் படிக்கும் செய்திகளிலும் இவ்வடிவம் மிகுதியாகப் பயன்படுவது, ‘நடந்திருந்தால்’ என்ற பொருளில் அன்று. ‘நடந்ததாகச் சொல்கிறார்கள், நான் உறுதி கூறவில்லை’ என்ற பொருளில்தான்.

‘லெ மினிஸ்த்ர் ஓரே தெமிஸியோனே’ என்ற தலைப்பைப் பாருங்கள். அமைச்சர் பதவி விலகியிருப்பார் என்று மொழிபெயர்த்துவிட்டு, எந்த நிபந்தனை நிறைவேறியிருந்தால் விலகியிருப்பார் என்று மாணவர்கள் அடுத்த வரியில் தேடுகிறார்கள். அங்கே எதுவும் இருக்காது. அமைச்சர் பதவி விலகிவிட்டதாகத் தகவல், செய்தித்தாள் அதை இன்னும் உறுதிப்படுத்தவில்லை என்பதே பொருள். தீ விபத்தில் மூவர் இறந்ததாகத் தெரிகிறது என்பதற்கும் இதே வடிவம்தான். ‘ஸெலோன்’, ‘தப்ரே’ போன்ற, இன்னாரின் கூற்றுப்படி என்று பொருள்தரும் சொற்கள் பக்கத்தில் இருந்தால் அடையாளம் காண்பது எளிது. பல நேரங்களில் அவையும் இருப்பதில்லை. வினை வடிவம் தனியாகவே அந்தப் பொறுப்பைச் சுமக்கிறது.

என் வகுப்புக்கு வந்த ஒருவருக்கு மகனின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘வோத்ர் ஃபிஸ் ஓரே பூஸே அங் கமராத்’ என்று அதில் இருந்தது. உங்கள் மகன் சக மாணவன் ஒருவனைத் தள்ளியதாகச் சொல்லப்படுகிறது, வந்து பேசுங்கள் என்பதே அதன் சாரம். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த உறவுக்காரப் பிள்ளை அதை ‘தள்ளியிருப்பான்’ என்று படித்துக் காட்டியிருக்கிறாள். வகுப்பில் கற்ற சமன்பாட்டின்படி அது சரி. ஆனால் தமிழ்க் காதுக்கு ‘தள்ளியிருப்பான்’ என்பது சொல்பவரின் சொந்த ஊகம். பள்ளியே அவன்தான் செய்தான் என்று நம்புகிறது என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. தகப்பனார் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்ததற்கு வருந்துவதாகவும் இனி நடக்காது என்றும் அன்றிரவே மன்னிப்புக் கடிதம் எழுதி, மறுநாள் பள்ளியில் கொடுத்துவிட்டு, மாலையில் அதன் நகலை என்னிடம் காட்டிப் பிழை திருத்தச் சொன்னார். பிழை இலக்கணத்தில் இல்லை. பள்ளி இன்னும் விசாரித்துக்கொண்டிருந்த ஒன்றை, பெற்றவரே எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பம் இட்டிருந்தார். பிறகு நாங்கள் எழுதிய விளக்கக் கடிதத்தைப் பள்ளி பெற்றுக்கொண்டது. முதல் கடிதத்தையும் கோப்பிலிருந்து எடுக்கவில்லை.

ஆகவே இவ்வடிவத்தைக் கண்டதும் முதலில் மறைந்திருக்கும் நிபந்தனையைத் தேடுங்கள். அது ‘ஸி’யாகவே இருக்க வேண்டியதில்லை. ‘ஸான் துவா’, நீ இல்லாவிட்டால் என்றோ, ‘ஆ தா ப்ளாஸ்’, உன் இடத்தில் நான் இருந்தால் என்றோ ஒளிந்திருக்கலாம். முந்தைய வாக்கியத்திலும் இருக்கலாம். எங்குமே இல்லாமல், வினை படர்க்கையில் நின்று, வாக்கியம் ஒரு நிகழ்ச்சியைத் தெரிவித்தால், பெரும்பாலும் அது பிறர் சொன்ன செய்தி. தமிழில் ‘-ஆகச் சொல்லப்படுகிறது’, ‘-ஆகத் தெரிகிறது’ என்று முடியுங்கள்.

இதே தவறு எதிர்த் திசையிலும் நடக்கிறது, அது இன்னும் மோசம். எனக்கு வேண்டும் என்பதை ‘ஜெ வூத்ரே’ என்று கேட்பது பணிவு, ‘ஜோரே வூலூ’ அதைவிடப் பணிவு என்று கற்றவர்கள், இந்த வடிவத்தை எங்கே போட்டாலும் மரியாதை கூடும் என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டு உரிமையாளருக்கு, வாடகை கட்டிவிட்டேன் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஜோரே பேயே’ என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். படிப்பவர் அதைக் கட்டியிருப்பேன், ஆனால் கட்டவில்லை என்றுதான் புரிந்துகொள்வார். விபத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி, ஓட்டுநர் பிரேக் பிடிக்கவில்லை என்பதை இவ்வடிவில் எழுதினால், தான் கண்டதையே கேள்விப்பட்டதாக மாற்றிவிடுகிறார். கண்டதற்கும் செய்ததற்கும் சாதாரண இறந்தகாலமான பாஸே கோம்போஸேதான்: ‘ஜே பேயே’, ‘ஜே வ்யூ’.

குற்றச் செய்திகளில் பத்திரிகைகள் இவ்வடிவத்தை இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் உண்டு. குற்றவாளி என்று தீர்ப்பாகும்வரை எவரும் நிரபராதியே என்பது 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆம் பிரிவு. உரிமையியல் சட்டத்தொகுப்பின் 9-1ஆம் பிரிவும் அந்த உரிமையைக் காக்கிறது. அதற்காக, ஓரே போட்டுவிட்டால் யாரைப் பற்றியும் எதையும் எழுதலாம் என்று எண்ண வேண்டாம். அவதூறை வரையறுக்கும் 1881 ஜூலை 29ஆம் நாள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஐயத்தொனியில் சொன்னாலும் தண்டனை உண்டு என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அண்டை வீட்டாரைப் பற்றிக் குடியிருப்போர் குழுவில் எழுதும் நம்மவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

எல்லா ‘ஸி’யையும் ஒன்றாக நினைப்பது

‘வருவாரா இல்லையா’ என்ற பொருளில் மறைமுகக் கேள்வியாக வரும் ‘ஸி’க்குப் பின்னால் நிபந்தனை வடிவம் வரலாம். ‘ஜெ மெ தெமாந்தே ஸிலோரே ஃபினி’, அதாவது முடித்திருப்பாரா என்று யோசித்தேன் என்பது சரியான வாக்கியம். விதியை அளவுக்கு மீறிக் கற்றவர்களே இதை அடித்துத் திருத்துகிறார்கள்.

‘முடித்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார்’

‘இலா தி கிலாப்பெல்ரே கான்திலோரே ஃபினி’. நிபந்தனையும் இல்லை, வதந்தியும் இல்லை. கடந்த காலத்தில் நின்று பார்த்த எதிர்காலம் மட்டுமே.

‘ஸில் யூ ஸ்யூ, இல் ஃப்யூ வெனூ’

‘தெரிந்திருந்தால் வந்திருப்பார்’ என்பதற்குப் பழைய உரைநடையில் காணும், இறந்தகால நிபந்தனையின் இரண்டாம் வடிவம். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம்.