அடுக்கு மெய்நிகர் கணினிகளில் வெக்டர் நிலையைச் சிதறாமல் காப்பது எப்படி

வெக்டர் நிலை என்பது பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் பிராசஸர் பதிவேடுகளில் உள்ள தரவு. இங்கே இன்டெல் பிராசஸர், கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி), மூன்று அடுக்கு: எல்0 நிஜக் கணினியில் ஓடும் ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்), எல்1 அதன் மேல் ஓடும் ஹைப்பர்வைசர், எல்2 உள்ளே இருக்கும் கெஸ்ட், அதாவது விருந்தாளிக் கணினி.

முதலில் எல்1-இல் சிபியுஐடி (பிராசஸரின் வசதிகளைச் சொல்லும் கட்டளை) இலை 13-ஐப் படியுங்கள். எந்தப் பதிவேட்டுத் தொகுதிகள் இயங்கலாம் என்று தீர்மானிக்கும் எக்ஸ்சிஆர்0 பதிவேட்டில் எந்த பிட்டுகளுக்கு அனுமதி என்று அது சொல்லும். ஏவிஎக்ஸ் (இன்டெலின் வெக்டர் கட்டளைத் தொகுப்பு) வேண்டுமானால் பிட் 1, 2 இரண்டும் தேவை. ஏவிஎக்ஸ்-512-க்கு அவற்றோடு 5, 6, 7 மூன்றும் ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பொதுப் பாதுகாப்புப் பிழைதான். பதிவேடுகளைச் சேமிக்கத் தேவைப்படும் நினைவகம் ஏவிஎக்ஸ் வரை 832 பைட், ஏவிஎக்ஸ்-512 வரை 2688 பைட். தொடக்க முகவரி 64-ஆல் வகுபட வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது வரிசையில்தான். கெஸ்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் வன்பொருள் தானாக மாற்ற வேண்டிய மதிப்புகளை வைத்திருக்கும் விஎம்சிஎஸ் என்ற அமைப்பில் எக்ஸ்சிஆர்0 கிடையாது. வன்பொருள் அதை மாற்றித் தராது. கெஸ்டுக்குள் நுழையும் முன் கெஸ்டின் மதிப்பை ஏற்றுங்கள். வெளியே வந்ததும் முதலில் ஹோஸ்டின் (கெஸ்டை இயக்கும் அடுக்கின்) மதிப்பை மீட்டு, அப்புறம் கெஸ்டுக்கு அனுமதித்த எல்லா பிட்டுகளோடும் கெஸ்டின் வெக்டர் பதிவேடுகளைச் சேமியுங்கள். கெஸ்டின் எக்ஸ்சிஆர்0 மதிப்பிலேயே சேமித்தால், கெஸ்ட் தற்காலிகமாக அணைத்து வைத்த ஏவிஎக்ஸ் பதிவேடுகளின் தரவு தொலைந்துபோகும். இந்தப் பிழை எந்த எச்சரிக்கையும் தராது. கணக்கு மட்டும் எப்போதாவது தப்பாக வரும்.

எல்2-விலிருந்து எல்1-க்குத் திரும்பும்போது எல்0 வெக்டர் பதிவேடுகளை மாற்றவே கூடாது. எல்2 விட்டுச் சென்ற மதிப்புகள் அப்படியே இருக்கும் என்றுதான் எல்1 எதிர்பார்க்கிறது. சேமிப்பது எல்1-இன் வேலை.

சோதிக்க, எல்1, எல்2 இரண்டிலும் 32 இசட்எம்எம் (ஏவிஎக்ஸ்-512-இன் வெக்டர்) பதிவேடுகளில் வெவ்வேறு எண்களை நிரப்பி, ஒவ்வொரு முறையும் கெஸ்டிலிருந்து வெளியேற வைக்கும் சிபியுஐடியை ஓயாமல் அழைத்து, ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள்.