வீட்டுக்குள் வந்த ஓநாய்ச் சிலந்தியைப் பத்திரமாக வெளியே விடுவது எப்படி?

அலமாரிக்கு அடியில் பழுப்பாக ஒன்று விருட்டென்று ஓடி மறைந்ததா? துடைப்பத்தைத் தேடாதீர்கள். ஓநாய்ச் சிலந்தி பெரும்பாலும் வலை கட்டிக் காத்திருக்காது. தரையில் அலைந்துதான் இரை பிடிக்கும். அதனால் பிடிப்பதும் தரையிலேயே முடிந்துவிடும்.

முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நான் 3 இரவுகளை வீணாக்கிய இடம் இதுதான். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை இடுப்பருகே பிடித்துக்கொண்டு அறை முழுக்கத் துழாவினேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அதன் 8 கண்களில் பெரியவற்றுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயேதான் திரும்பும். டார்ச் இடுப்பில் இருந்தால் மினுக்கமும் இடுப்புக்கே போகும்! டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், காதோரமாகப் பிடியுங்கள். குண்டூசித் தலையளவில் பச்சையாக மினுங்கும். நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தால் இன்னும் நல்லது, கையும் ஓய்வாக இருக்கும். செல்போன் விளக்கு எனக்குப் பிடிக்காது, வெளிச்சம் பரவிவிடுகிறது.

அடுத்து டம்ளர். வாய் அகன்ற கண்ணாடி டம்ளர்தான் என் தேர்வு. எவர்சில்வர் வேண்டாம், விளிம்பில் கால் நசுங்குவது தெரியாது. சிலந்தியின் கால் மயிர்கள் காற்றசைவையும் உணரும் என்பதால் மெல்லக் கொண்டுபோய், கடைசி நொடியில் கவிழ்க்கவும்.

பிறகு நோட்டுப் புத்தகத்தின் மேலட்டையை அடியில் நுழையுங்கள். செய்தித்தாள் மடங்கிவிடும். அவசரப்படாமல் நகர்த்தினால், அதுவே கால் தூக்கி அட்டைமேல் ஏறிக்கொள்ளும்.

பின்புறம் உருண்டையாக ஒன்று ஒட்டியிருந்தால் அது முட்டைப்பை. முதுகு மட்டும் கரடுமுரடாகத் தெரிந்தால் அவை குஞ்சுகள். தாய் சுமந்து திரிகிறது. டம்ளரைத் தட்டவோ குலுக்கவோ கூடாது. ஒருமுறை தட்டிவிட்டு, டம்ளர் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஓடியதைப் பார்த்துத் திகைத்து நின்றேன்.

கையால் பிடிக்க வேண்டாம். நசுக்கினால் கடிக்கும்; வலியும் வீக்கமும் வரும், ஆனால் பொதுவாக ஆபத்தில்லை.

பின்சேர்க்கை: “என் சிலந்தி கண்ணாடியில் ஏறி வருகிறதே” என்று 2 பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். ஓநாய்ச் சிலந்திக்கு வழுவழுப்பான கண்ணாடியில் பொதுவாகப் பிடிப்புக் கிடைக்காது. உடல் தட்டையாக, கால்கள் நண்டுபோல் பக்கவாட்டில் விரிந்திருந்தால், நீங்கள் பிடித்தது சுவரில் ஓடும் வேட்டைச் சிலந்தியாக இருக்கலாம். அதற்கு மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவே சரி.

வெளியே சருகோ கல்லோ கிடக்கும் இடத்தில் டம்ளரைச் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாம். அந்த டம்ளரை மறுபடி சமையலறையில் வைத்து நான் வாங்கிய திட்டு தனிக்கதை.