டிஎஃப்டிபி சர்வர் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

ரூட்டருக்கு ஃபர்ம்வேர் (அதை இயக்கும் மென்பொருள்) ஏற்றவோ, கணினிகளை நெட்வொர்க் வழியே பூட் செய்யவோ டிஎஃப்டிபி (TFTP, நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் எளிய முறை) சர்வரைப் போடுகிறோம். வேலை முடிந்ததும் நிறுத்த மறந்துவிடுகிறோம். மற்ற தவறுகளெல்லாம் இதன் மேல்தான் ஏறி உட்காருகின்றன.

இதில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. யூடிபி 69ஆம் போர்ட்டுக்கு ஃபைல் பெயரோடு ஒரு பாக்கெட் வந்தால் போதும். 512 பைட் துண்டுகளாக அனுப்பத் தொடங்கிவிடும். கேட்பவர் யாரென்று பார்க்காது. என்கிரிப்ஷனும் இல்லை.

“ஃபைல் பட்டியலை சர்வர் காட்டுவதில்லையே, பெயர் தெரியாமல் எப்படி எடுப்பார்கள்?” என்பார்கள். சிஸ்கோ ஐபி ஃபோனின் கான்ஃபிக் ஃபைல் பெயரில் இருப்பது அதன் மேக் முகவரி (நெட்வொர்க் சாதனத்தின் தனி அடையாள எண்). அது ஃபோனின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். ரூட்டர் பேக்கப்புக்கு சிஸ்கோ தானே முன்வைக்கும் பெயரும் ஹோஸ்ட்நேமை (ரூட்டருக்கு வைத்த பெயரை) ஒட்டியதுதான். நாமும் எண்டர் தட்டி ஏற்றுக்கொள்கிறோம். அந்த ஃபைலுக்குள் எஸ்என்எம்பி கம்யூனிட்டி (சாதனங்களைக் கண்காணிக்கும் முறைக்கான கடவுச்சொல் போன்றது) அப்படியே கிடக்கும். சிஸ்கோவின் பலவீனமான ‘டைப் 7’ முறையில் மறைத்த கடவுச்சொல் கிடைத்தால் நொடியில் அவிழ்த்துவிடலாம்.

இதைவிட மோசமானது 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும். லினக்ஸில் பரவலாக உள்ள டிஎஃப்டிபிடி-எச்பிஏ என்ற டிஎஃப்டிபி சர்வர், இயல்பு அமைப்பில் ஏற்கெனவே இருக்கிற, எல்லாருக்கும் எழுத அனுமதியுள்ள ஃபைலில் மட்டுமே எழுதவிடும். பேக்கப் அனுப்பியதும் பிழை வரும். உடனே டைரக்டரி முழுக்க, உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து, 777 போட்டுவிடுவார்கள். இப்போது அங்கிருக்கும் பூட் இமேஜையும் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அடுத்து பூட் ஆகும் கணினி அதைத்தான் ஓட்டும். செய்ய வேண்டியது சின்ன வேலை: அந்தப் பெயரில் ஒரு காலி ஃபைலை உருவாக்கி, அதற்கு மட்டும் 666 (எல்லாரும் படிக்க, எழுத அனுமதி) கொடுங்கள். பேக்கப் வந்ததும் வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

ஃபயர்வாலிலும் இதே அவசரம். சர்வர் பதில் அனுப்புவது 69இலிருந்து அல்ல, புதிதாக எடுத்துக்கொள்ளும் ஒரு போர்ட்டிலிருந்து. அதனால் டிரான்ஸ்ஃபர் தொங்கும், ஃபயர்வாலையே அணைத்துவிடுவார்கள். டிஎஃப்டிபிக்கான கனெக்‌ஷன் டிராக்கிங் ஹெல்பரை (புதிய போர்ட்டிலிருந்து வரும் பதிலைக் கோரிக்கையோடு சேர்த்துப் பார்க்கும் ஃபயர்வால் வசதியை) இயக்கினால் போதும். சர்வரை மேனேஜ்மென்ட் விலானின் (நிர்வாகத்துக்கென்று பிரித்துவைத்த நெட்வொர்க்கின்) ஐபி முகவரியில் மட்டும் கேட்கவையுங்கள். இணையத்துக்குத் திறந்திருந்தால், போலி அனுப்புநர் முகவரியோடு கோரிக்கை விட்டு, உங்கள் சர்வரைக் கொண்டே மூன்றாமவரைத் தாக்கலாம். பதில் வராத துண்டை அது திரும்பத் திரும்ப அனுப்புவதால் தாக்குதல் பெருகும்.

ரூட்டர் பேக்கப்புக்கு எஸ்சிபி (என்கிரிப்ஷனோடு ஃபைல் அனுப்பும் முறை) இருக்கும்போது டிஎஃப்டிபி எதற்கு? பூட் செய்வதற்கும் ஐபிஎக்ஸ்இ-யை (iPXE என்ற சிறிய பூட் நிரலை) மட்டும் இதில் கொடுத்து, கெர்னலை எச்டிடிபிஎஸ் வழியே எடுக்கவைக்கலாம். ஃபர்ம்வேரை இதில்தான் ஏற்ற வேண்டுமென்றால், ரீலோடுக்கு முன் ரூட்டரிலேயே ஹேஷ் (ஃபைல் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்புக் குறி) கணக்கிட்டு, தயாரிப்பாளர் வெளியிட்டதோடு ஒப்பிடுங்கள்.