அடிமைகள் அனுபவித்த வன்முறை: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்தித் தருவது என் வேலை. அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைமுறை பற்றிப் புதிதாக எழுதுகிறவர்களின் வரைவுகள் அடிக்கடி வரும். ஆண்டோ ஊர்ப்பெயரோ தப்பாக இருந்தால் திருத்திவிடலாம். கீழே இருப்பவை அப்படித் திருத்தித் தீராதவை.

"காசு கொடுத்து வாங்கியவர் அடித்துக் கெடுப்பாரா?"

இந்த வரியைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு இளைஞர் எழுதியிருந்தார்: விலை கொடுத்து வாங்கிய மாட்டை யாராவது அடித்துக் கொல்வார்களா, ஆகவே கொடுமைக் கதைகளில் பாதி மிகைதான் என்று. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் 1669-இலேயே வர்ஜீனியா சட்டமன்றம் இந்த வாதத்தைச் சட்டமாக எழுதிவிட்டது. எதிர்த்த அடிமை தண்டிக்கப்படும்போது இறந்துபோனால் எஜமான் மீது கொலைக்குற்றம் கிடையாது. தன் சொத்தை வேண்டுமென்றே அழிக்க யாரும் துணியமாட்டார்கள் என்பதே அதற்குச் சொன்ன காரணம். அடித்தவரைத் தப்பவைக்க எழுதியதை அடி விழவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டலாமா?

சரி, கணக்காகவே பார்ப்போம். கடத்தி விற்கப்பட்டு லூசியானாவில் அடிமையாக இருந்த சாலமன் நார்த்தப், பருத்திக் காட்டில் கண்டதைச் சொல்கிறார். மாலையில் கூடைகளை எடைபோடுவார்கள். நாளொன்றுக்குச் சாதாரணமாக 200 பவுண்டு பறிக்க வேண்டும். குறைந்தால் சவுக்கடி, கூடினால் மறுநாளுக்கான அளவு ஏறும். விளைச்சலைப் பிழிந்தெடுக்கத்தான் அங்கே சவுக்கு இருந்தது.

இன்னொன்று, அடித்தவர் எல்லோரும் உரிமையாளரும் இல்லை. வட கரோலினாவில் ஜான் மான் என்பவர் லிடியா என்ற பெண்ணை ஓராண்டு வாடகைக்கு எடுத்திருந்தார். தண்டனையின்போது அவர் தப்பி ஓட, மான் சுட்டுக் காயப்படுத்தினார். கீழ்நீதிமன்றம் குற்றவாளி என்றது. 1829-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமையாளருக்கு உள்ள அதிகாரம் வாடகைக்கு எடுத்தவருக்கும் உண்டு, அடிமை முழுதாக அடங்க எஜமானின் அதிகாரம் வரம்பற்றதாக இருக்க வேண்டும் என்று நீதிபதி தாமஸ் ரஃபின் எழுதினார். மரண தண்டனை பெற்ற அடிமைக்கு ஈடாக உரிமையாளருக்கு வர்ஜீனியா அரசு பணமும் கொடுத்துவந்தது. "சொத்து" என்ற வாதத்தை எடுப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு எழுதட்டும்.

கோபக்கார எஜமான்

எல்லாவற்றையும் ஒரு கொடூரனின் ஆத்திரமாக எழுதாதீர்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நகரத்தின் தண்டனைக் கூடத்துக்கு அடிமையை அனுப்பி, கட்டணம் செலுத்திச் சவுக்கடி கொடுக்க வைத்தார்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தன் மேற்கிந்தியக் குடியேற்றங்களுக்காக 1685-இல் பிறப்பித்த சட்டத்தில் தப்பி ஓடியவருக்கான தண்டனை வரிசையாகவே இருக்கிறது. ஒரு மாதம் தலைமறைவானால் காதுகளை அறுத்துத் தோளில் லில்லிப்பூ முத்திரை சுடுவது, இரண்டாம் முறை காலின் பின்நரம்பை வெட்டுவது, மூன்றாம் முறை மரணம்.

சவுக்கோடு நிறுத்துவது

பிள்ளையைப் பிரித்து விற்பதும் தண்டனைதான்.

அந்தப் புகைப்படம்

முதுகெங்கும் சவுக்கடித் தழும்போடு இருக்கும் ஒருவரை 1863-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் எடுத்த படம். அவர் பெயர் பீட்டர் என்றும் கார்டன் என்றும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தோட்டத்திலிருந்து தப்பி வடக்கு மாநிலங்களின் படை முகாமை அடைந்தவர் அவர். அதைச் சொல்லாமல் படத்தைப் போடாதீர்கள்.

எஜமான்களின் குறிப்புகளை மட்டும் படிப்பது

பெர்முடாவில் அடிமையாகப் பிறந்த மேரி பிரின்சின் வாக்குமூலம் 1831-இல் லண்டனில் அச்சானது. முதலில் அதைப் படியுங்கள்.